ஒன்பதை மாற்றுவதா, மணி அடிக்கும் இடத்தை மாற்றுவதா?

கேள்வி: கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்கு அருகில் இருபத்து நான்கு அறைகள் கொண்ட தங்கும் விடுதியை நிர்வகித்து வருகிறேன். அறைத் தொலைபேசியில் 9-ஐ அழுத்தினால் வரவேற்பு மேசையும், 0-ஐ அழுத்தினால் வெளி லைனும் கிடைக்கும். 2028 மகாமகத்துக்கு முன்னேற்பாடாக வரவேற்பு மேசையை வாசல் பக்கம் கொண்டுவந்துவிட்டோம். ஆனால் 9-ஐ அழுத்தினால் மணி இன்னும் பழைய அறையில்தான் அடிக்கிறது. தவிர, வெளிநாட்டு விருந்தினர் சிலர் 0-ஐ அழுத்திவிட்டு, வெறும் டயல் டோனைக் கேட்டுத் திகைக்கிறார்கள். 0-ஐ வரவேற்புக்கும் 9-ஐ வெளி லைனுக்கும் மாற்றிவிடலாமா? எங்கள் அறை எண்கள் 101 முதல் 112 வரையிலும், 201 முதல் 212 வரையிலும் உள்ளன.

பதில்: உங்கள் கேள்விக்குள் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. ஆபரேட்டரை அழைக்க எந்த எண்ணை அழுத்துவது என்பது ஒன்று. அப்படி அழுத்தினால் எந்த எக்ஸ்டென்ஷனில், அதாவது விடுதிக்குள் உள்ள எந்தத் தொலைபேசியில், மணி அடிக்க வேண்டும் என்பது வேறொன்று. அறைத் தொலைபேசிகளை ஒன்றோடொன்றும் வெளி லைனோடும் இணைக்கும் இபிஏபிஎக்ஸ் பெட்டியில் இவை தனித்தனியாகப் பதியப்படுகின்றன. மேசை இடம் மாறியதற்காக 9-ஐத் தொட வேண்டியதே இல்லை. புரோகிராமிங்கில் ‘ஆபரேட்டர் எக்ஸ்டென்ஷன்’ என்ற இடத்தில் பழைய அறையின் எண்ணை நீக்கிவிட்டு, புதிய மேசையின் எண்ணைப் பதிந்தால் போதும். பகல், இரவு என இரு நிலைகள் உள்ள பெட்டியாக இருந்தால் இரண்டிலும் பதிய வேண்டும். பகலுக்கு மட்டும் மாற்றிவிட்டு, இரவில் அழைப்பு ஆளில்லாத அறைக்குப் போவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

இனி 0, 9 இரண்டையும் இடம் மாற்றுவது. அமெரிக்காவில் விடுதி ஆபரேட்டருக்கு 0, வெளி லைனுக்கு 9 என்பது நெடுநாளைய வழக்கம். உங்கள் விருந்தினரின் விரல் 0-க்குப் போவதற்கு இந்தப் பழக்கமே காரணமாக இருக்கும். எண்களை மாற்ற அனுமதிக்கும் பெட்டியாக இருந்தாலும், ஒரே எண்ணை இரு வேலைகளுக்கு அது ஏற்காது. ஆகையால் முதலில் ஆபரேட்டரைத் தற்காலிகமாக 7-க்கு நகர்த்தி, பிறகு வெளி லைனை 9-க்கு மாற்றி, கடைசியில் ஆபரேட்டரை 0-க்குக் கொண்டுவர வேண்டும். உங்கள் அறை எண்கள் 1, 2 ஆகியவற்றில் தொடங்குவதால் 7 காலியாக இருக்கும். ஆபரேட்டருக்கு 1-ஐயோ 2-ஐயோ கொடுத்துவிட்டால், விருந்தினர் 2-ஐ அழுத்தியவுடன் அவர் கேட்பது ஆபரேட்டரையா, 204-ஆம் அறையையா என்று பெட்டிக்குத் தெரியாமல் போகும்.

இவ்வளவு விளக்கிய பிறகும், இந்த மாற்றம் உங்களுக்கு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. நம் ஊரில் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில்தான் தொடங்குகின்றன. 9-இல் தொடங்கும் ஓர் எண்ணை ஒருவர் அறையிலிருந்து நேராக அழுத்தினால் இன்று வரவேற்பில் மணி அடிக்கிறது. நீங்கள் விவரம் சொல்லிவிடலாம். மாற்றிய பிறகோ, முதல் 9 லைனைப் பிடித்துக்கொள்ள, மீதி ஒன்பது இலக்கங்கள் மட்டும் எக்ஸ்சேஞ்சுக்குப் போய், தவறான இணைப்போ பிழை அறிவிப்போ வந்து சேரும். அதோடு, 2021 ஜனவரி 15 முதல் தரைவழி இணைப்பிலிருந்து கைபேசியை அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்பதால், உங்கள் ஊழியர்கள் லைனுக்கு ஒரு 0, கைபேசிக்கு ஒரு 0 என இருமுறை அழுத்தப் பழகியிருப்பார்கள். தஞ்சாவூருக்குப் பேசும்போதும் லைனுக்கான 0-வுக்குப் பின் 04362 என்றுதான் கை போகும். நினைவகத்தில் 0 சேர்த்துச் சேமித்த எண்களையும், ஃபேக்ஸ் இயந்திரம் இருந்தால் அதில் உள்ளவற்றையும் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருக்கும்.

இதைவிட நல்ல வழி, பெட்டியில் இருந்தால், ‘ஹாட்லைன்’ வசதி. ரிசீவரை எடுத்து, எந்த எண்ணையும் அழுத்தாமல் சுமார் ஐந்து விநாடி காத்திருந்தால் வரவேற்பில் தானாக மணி அடிக்கும்படி ஒவ்வொரு அறைக்கும் பதிந்துவிடலாம். அதற்குள் அழுத்துகிறவருக்கு மற்ற எண்கள் வழக்கம்போல வேலை செய்யும். நவக்கிரகக் கோயில்களைச் சுற்றிவிட்டுக் களைத்து வந்து, கண்ணாடியைத் தேடாமல் ரிசீவரை எடுக்கும் முதியவருக்கு இதுவே பெரிய உதவி. அறைகளிலிருந்து வெளி அழைப்பைத் தடுத்து வைப்பதும் நல்லது. 112, 108, 101 ஆகிய அவசர உதவி எண்களுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.

இந்த எண்களில் உங்கள் விடுதிக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும். 108, 101, 112 மூன்றும் உங்கள் அறை எண்களாகவும் இருக்கின்றன. நள்ளிரவில் நெஞ்சு வலியோடு ஒருவர் 108-ஐ அழுத்தினால் ஆம்புலன்ஸ் வராது, பக்கத்து அறையில் மணி அடிக்கும். கதவில் உள்ள அறை எண் அப்படியே இருக்கட்டும். 101 முதல் 112 வரையிலான அறைகளின் எக்ஸ்டென்ஷன்களை மட்டும் 301 முதல் 312 வரை மாற்றிவிடுங்கள். எண்களை இடம் மாற்றுவதைவிட இது அவசரமானது.

புரோகிராமிங்கில் நுழையும் முன் இப்போதுள்ள பதிவுகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். 2018 கஜா புயலுக்குப் பின் பல நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்த மன்னார்குடிப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில், பெட்டிக்குள் இருந்த சிறு பேட்டரி தீர்ந்து பதிவுகள் அனைத்தும் அழிந்திருந்தன. தொலைபேசி அருகில் பழுப்பேறி ஒட்டியிருந்த ஒரு காகிதத்தில் எண்கள் எழுதியிருந்ததால்தான் எல்லாவற்றையும் மறுபடி பதிய முடிந்தது. கடவுச்சொல் இன்னும் 1234 என்றே இருந்தால் அதையும் அன்றே மாற்றுங்கள்.

வேலை முடிந்ததும் இருபத்து நான்கு அறைகளுக்கும் நேரில் சென்று 9-ஐ அழுத்திப் பாருங்கள். ரிசீவரை எடுத்துக் காத்திருந்தும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு தொலைபேசியின் அருகிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் ஓர் அட்டை வையுங்கள்: ‘வரவேற்பு 9. அவசரம்: 0 அழுத்திப் பின் 112.’