காவல் பணியை விட்டு வீட்டுப் பரிசோதனைக்கு வரலாமா?

கேள்வி:

ஐயா, கர்நாடகக் காவல்துறையில் 16 ஆண்டுகளாகப் பணியாற்றி, இப்போது சப் இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். இரவு ரோந்தும் பந்தோபஸ்தும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. என் தம்பி ஒயிட்ஃபீல்டில் ஃபிளாட் வாங்கியபோது, சாவி வாங்குவதற்கு முன் வீட்டைப் பரிசோதிக்க ஒருவரை அழைத்திருந்தான். அவர் அறை அறையாகப் பார்த்துக் குறித்ததைக் கண்டதிலிருந்து எனக்கும் அந்தத் தொழிலில் நாட்டம் வந்துவிட்டது. என் கணவரோ, "அரசு வேலையை விட்டுவிட்டு டைல்ஸைத் தட்டிப் பார்க்கப் போகிறாயா?" என்கிறார். சிவில் படிக்காத நான் இதில் இறங்கலாமா? விருப்ப ஓய்வு பெறுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

தாராளமாக இறங்கலாம். ஆனால் விருப்ப ஓய்வு விண்ணப்பத்தை, கட்டடத்தைப் பற்றி ஓரளவு கற்றுத் தேர்ந்த பிறகே கொடுங்கள். கட்டடப் பொறியாளனாக நான் பார்த்தவரை, இந்தத் தொழிலுக்கு வருகிற பலருக்குச் சிமென்ட்டும் கம்பியும் தெரிகின்றன. கண்டதைக் கண்டபடி எழுதத் தெரிவதில்லை. உங்களுக்கு அது பல ஆண்டுப் பழக்கம்.

சம்பவ இடத்தைப் பார்த்து ஸ்தல மகஜர் என்ற பதிவை எழுதும்போது, கதவு எந்தத் திசையில் இருந்தது, பூட்டு எந்த நிலையில் இருந்தது, கறை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று பஞ்சர்கள் எனப்படும் சாட்சிகள் முன்னிலையில் குறிக்கிறீர்கள். யார் செய்திருப்பார் என்ற ஊகத்தை அதில் கலப்பதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம், சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோவில் பதிவு செய்யச் சொல்வதால், வரிசை தவறாமல் படம்பிடிக்கும் பழக்கமும் உங்களுக்கு வந்திருக்கும். பரிசோதனை அறிக்கைக்கு வேண்டியவை இவைதான். "குளியலறைக் குழாய் கசிகிறது" என்று எழுதினால் அது ஊகம். "படுக்கையறையில் குளியலறையை ஒட்டிய சுவரில், தரையிலிருந்து 40 செ.மீ. உயரம் வரை பெயின்ட் உரிந்து வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது, ஈரம் அளக்கும் மீட்டர் அங்கே அதிக அளவைக் காட்டியது, அதே சுவரின் மறுகோடியில் காட்டவில்லை" என்று எழுதினால் அது சான்று.

அந்தச் சான்றுக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு. வீடு வாங்குவோரைக் காக்கும் 2016ஆம் ஆண்டின் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ உள்ள குறையை வாங்கியவர் தெரிவித்தால், பில்டர் 30 நாட்களுக்குள் பணம் வாங்காமல் அதைச் சரிசெய்து தர வேண்டும். "நீங்கள் குடிவந்த பிறகு ஏற்பட்ட சேதம் இது" என்று பில்டர் தட்டிக்கழிக்கும்போது, சாவி வாங்கிய நாளிலேயே எடுத்த தேதியிட்ட படங்களும் அளவுகளும்தான் வாங்கியவருக்குத் துணை நிற்கும். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்கிய குடும்பங்கள் ஒரு காகிதமும் கையில் இல்லாமல் பில்டர் அலுவலகத்துக்கு நடையாய் நடப்பதைப் பார்க்கும் எனக்கு, உங்களைப் போன்றவர்கள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும் என்பதே ஆசை.

அதே வேளையில், காவல் பணியில் உதவிய சந்தேகக் கண்ணை இங்கே கொஞ்சம் அடக்கி வைக்க வேண்டியிருக்கும். விரிசலைக் கண்டவுடன் யாரோ ஏமாற்றிவிட்டார் என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. கான்கிரீட் தூணும் பிளாக் சுவரும் சேருமிடத்தில் நேர்கோடாக ஓடும் மெல்லிய விரிசல், இரண்டு பொருட்களும் வெவ்வேறு அளவில் சுருங்கி விரிவதால் வருவது. பூசுவதற்கு முன் அந்த இணைப்பின் மேல் கம்பி வலை அடிக்காமல் விட்டால் பெரும்பாலும் தலைகாட்டும். அது வேலைத்தரக் குறை. வீட்டுக்கு ஆபத்து இல்லை. ஆனால் பீமின் குறுக்கே விரிசல் ஓடினாலோ, தூணில் கம்பி போகும் வழியாகவே விரிசல் விழுந்து துருக்கறை இறங்கியிருந்தாலோ, நீங்கள் படத்துடன் குறித்துவிட்டு, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டும்படி எழுதி நிறுத்திக்கொள்ள வேண்டும். உறுதிச் சான்று தருவது அவருடைய பொறுப்பு. இந்த எல்லையை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

சிவில் படிக்காதது தடையாகாது. வீட்டுப் பரிசோதகருக்கென்று நம் நாட்டில் தனி உரிமம் இல்லை. ஆனால் உரிமம் இல்லாத தொழிலில் அரைகுறை அறிவுடன் நுழைபவர்களும் உண்டு என்பதால், கற்பதைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் 1976இலேயே பரிசோதகர் சங்கம் அமைந்தது. அங்கிருந்து இணையவழிப் பாடங்கள் கிடைக்கின்றன. முறையை அவற்றிலிருந்து கற்கலாம். ஆனால் அங்குள்ள வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் எழுபவை. நம் கான்கிரீட் வீட்டைக் கற்க, அனுபவமுள்ள ஒரு பொறியாளருடன் சைட்டுக்குப் போவதே வழி. டைல்ஸைத் தட்டினால் அடியில் கலவை பிடிக்காத இடம் வெற்றொலி தரும் என்பதைக் காதால் பழக வேண்டும். குளியலறையில் ஒரு வாளி நீரை ஊற்றி, அது வடிகாலை நோக்கி ஓடுகிறதா, மூலையில் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மின்பலகையில், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா, அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தியவுடன் இணைப்பு துண்டிக்கப்படுகிறதா என்று பார்க்கப் பழகுங்கள். உயிர் காக்கும் கருவி என்பதால் இதை மட்டும் எந்த வீட்டிலும் விடக் கூடாது. போர்வெல் நீரை நம்பியிருக்கும் குடியிருப்புகளில் டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு, அளப்பதும் அவசியம்; குடிநீருக்கு இந்தியத் தரம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லி கிராம் வரை. தெர்மல் கேமரா வாங்க அவசரப்படாதீர்கள். அது சுவர்ப்பரப்பின் வெப்ப வேறுபாட்டை மட்டுமே காட்டும். அங்கே ஈரம் இருக்கிறதா என்பதை மீட்டர் வைத்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

பணியில் இருக்கும்வரை இதற்காக ஒரு ரூபாய்கூடக் கட்டணம் வாங்காதீர்கள். முன் அனுமதியின்றித் தனித் தொழில் செய்வதை நடத்தை விதிகள் ஏற்பதில்லை. பயிற்சிக்காகச் சைட்டுக்குப் போவதற்கும் எழுத்துமூலம் அனுமதி பெற்றுக்கொள்வது நல்லது. கர்நாடகத்தில் 2006 ஏப்ரல் 1க்குப் பிறகு சேர்ந்தவர் என்பதால் நீங்கள் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பீர்கள். ஓய்வு வயதுக்கு முன்பே வெளியேறினால் சேர்ந்த தொகையின் பெரும்பகுதி மாதாந்தர ஓய்வூதியம் தரும் காப்பீட்டுத் திட்டமான ஆன்யுட்டிக்குப் போய்விடும்; கைக்கு வருவது சிறு பகுதிதான். பிள்ளைகளின் கட்டணத்தையோ கருவிகள் வாங்குவதையோ அதை நம்பித் திட்டமிடாதீர்கள். கணவர் கேட்பதில் நியாயம் உள்ள இடம் இதுதான். கணக்குப் பிரிவில் எழுத்தில் விவரம் வாங்கி, அவருடன் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

தொழில் தொடங்கிய பிறகு இரண்டில் கண்டிப்பாக இருங்கள். நீங்கள் பரிசோதித்த வீட்டில் பழுது வேலையை எடுக்காதீர்கள். வாட்டர்ப்ரூஃபிங் செய்பவரிடமோ புரோக்கரிடமோ கமிஷனும் வாங்காதீர்கள். மேலே சொன்ன அமெரிக்கச் சங்கம் தன் உறுப்பினர்கள் பரிசோதித்த பகுதிகளை ஓராண்டுக்குக் காசுக்குப் பழுதுபார்க்கக் கூடாது என்றே விதி வைத்திருக்கிறது. அடுத்தது, விசிட்டிங் கார்டில் பழைய பதவியைப் போடாதீர்கள். போலீஸ் என்ற பயத்தில் பில்டர் ஒரு குறையைச் சரிசெய்தால், அந்த வீட்டுக்காரருக்கு வேலை நடக்கும். ஆனால் உங்கள் அறிக்கையின் தரம் என்னவென்று யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

பெங்களூரில் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை வலுக்கும். கசிவு வெளிப்படும் காலமும் அதுவே. அடுத்த மழைக்காலத்தில் விடுப்பு நாட்களில் ஒரு பொறியாளருடன் சென்று, அவர் எழுதும் வீட்டையே நீங்களும் தனியாக எழுதி, இரண்டு அறிக்கைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் கண்ட முக்கியமான குறைகள் எதுவும் உங்கள் கண்ணுக்குத் தப்பவில்லை என்று அவரே சொல்லும் நிலை வந்த பிறகு விண்ணப்பம் கொடுங்கள்.