எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளில் ஒரே தேடல் ஒரு தடவை 40 மில்லிசெகண்டில் வருகிறது, அடுத்த தடவை 3 விநாடி ஆகிறது. 3 நோடு (அதை ஓட்டும் சர்வர்கள்), சிபியு சும்மாதான் இருக்கிறது. எங்கே பார்ப்பது?

சராசரி நேரத்தைப் பார்க்காதீர்கள், அது எல்லாவற்றையும் மறைத்துவிடும். பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் எனக்கு இதே வேலைதான்.

டேட்டா ஷார்ட் என்ற துண்டுகளாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொரு ஷார்டுக்கும் வெவ்வேறு நோடுகளில் பிரதிகள் இருக்கும். தேடல் ஒவ்வொரு ஷார்டிலும் ஏதாவது ஒரு பிரதிக்குப் போகும். எல்லாப் பதிலும் வந்து சேர்ந்தால்தான் உங்களுக்கு விடை. மாமாக் கடையில் (இங்குள்ள தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ஐந்து பேருக்குச் சாப்பாடு வந்தும் ஒருவரின் மீ கோரெங்குக்காக (வறுத்த நூடுல்ஸ்) மேசையே காத்திருக்குமே, அதே கதை. அடுத்த தடவை வேறு பிரதிக்குப் போனால் வேகமாக வந்துவிடும். கூட இரண்டு சர்வர் போடலாம் என்று மேனேஜர் சொன்னால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

முதலில் பதிலில் வரும் 'டுக்' (took) எண்ணைப் பாருங்கள், எலாஸ்டிக்சர்ச் அந்தத் தேடலுக்கு எடுத்த மில்லிசெகண்ட் அது. அது சின்னதாக இருந்தும் ஆப் மெதுவென்றால், கோளாறு நெட்வொர்க்கிலோ ஆப்பிலோதான். பெரிதென்றால், தேடல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் பிரிஃபரன்ஸில் 'ஒன்லி நோட்ஸ்' (_only_nodes) கொடுத்து அதே தேடலை ஒவ்வொரு நோடுக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். (எல்லா நோடிலும் எல்லா ஷார்டும் இருந்தால்தான் இது தெளிவாகக் காட்டும்.)

ஒரு நோடு மட்டும் சொதப்பினால் அதன் லாகில் ஜிசி (ஜாவா தன் மெமரியைச் சுத்தம் செய்வது) 'ஓவர்ஹெட்' வரிகள் இருக்கின்றனவா, ஸ்வாப் (ரேமுக்குப் பதில் டிஸ்கைப் பயன்படுத்துவது) ஓடுகிறதா என்று பாருங்கள். ஹீப்புக்கு (ஜாவாவுக்கு ஒதுக்கும் மெமரி) ரேமில் பாதிக்கு மேல் கொடுக்கக் கூடாது. மீதி சும்மா கிடப்பதுபோல் தெரியும், ஆனால் லூசீன் (எலாஸ்டிக்சர்ச்சுக்குள் இருக்கும் தேடல் இன்ஜின்) ஃபைல்களை லினக்ஸ் அங்கேதான் கேஷில் வைத்திருக்கிறது. எங்களிடம் ஒரு நோடு காலையில் மட்டும் படுத்துக்கொள்ளும். அதே மெஷினில் இரவில் ஓடிய பேக்கப் ஸ்கிரிப்ட் பெரிய பெரிய ஃபைல்களைப் படித்து அந்தக் கேஷைத் துடைத்துவிட்டிருந்தது. சிபியு கிராஃபில் ஒன்றுமே தெரியவில்லை. ஸ்கிரிப்டை வேறு மெஷினுக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

எந்த நோடும் தனியாக மாட்டவில்லை, கூட்டமில்லாத நேரத்தில் முதல் தேடல் மட்டும் இழுக்கிறதா? எலாஸ்டிக்சர்ச் 7.0 முதல், ரிஃப்ரெஷ் (புதிய பதிவுகளைத் தேடலில் தெரியவைப்பது) இடைவெளியை நீங்களே அமைக்காவிட்டால், 30 விநாடி தேடலே வராத ஷார்ட் தானாக ரிஃப்ரெஷ் செய்வதை நிறுத்திவிடும். அடுத்து வரும் தேடல் அந்த ரிஃப்ரெஷ் முடியும்வரை காத்திருக்கும். இடைவெளியை 5 விநாடி என்று வெளிப்படையாக அமைத்தால் இந்தத் தொல்லை போகும். புதிய பதிவு தேடலில் தெரிய அவ்வளவு நேரம் ஆகும், உங்களுக்குப் பரவாயில்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டிலும் சிக்காவிட்டால், மெதுவாகும் அந்த நேரத்திலேயே 'ஹாட் திரெட்ஸ்' (ஒவ்வொரு நோடும் அப்போது எதில் மும்முரமாக இருக்கிறது என்ற அறிக்கை) எடுத்து இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.