வலைக்கடியில் மூச்சுமுட்டிய விரால்

கேள்வி: 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் விளிம்பு வரை தண்ணீர் பிடித்து ஆறு விரால் விட்டேன். துள்ளி வெளியே விழாமலிருக்க, தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழேயே வலையை இழுத்துக் கட்டினேன். காற்று மோட்டார் இரவு முழுக்க ஓடியது. விடிந்து பார்த்தால் ஆறும் செத்துக் கிடந்தன. சந்தையில் தண்ணீரே இல்லாத கூடையில் துள்ளிய மீன், நிறைதண்ணீரில் சாகுமா? வியாபாரி நோய் மீனைத் தலையில் கட்டிவிட்டாரா?
– வாசகர், சீர்காழி

பதில்: வியாபாரியை விடுங்கள், அவர் கொடுத்தது நல்ல மீன்தான். கொன்றது நீங்கள் கட்டிய வலை. மீன் குஞ்சுக்கு நீந்தச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் விராலுக்குத் தலைதூக்க இடம் விட்டாக வேண்டும்.

அடுத்த முறை மீன் வெட்டும் இடத்தில் விரால் தலையையும் கட்லா தலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்லாவின் செவுள் அடர்ந்த சீப்பு மாதிரி இருக்கும். விராலின் செவுள் அதைவிடச் சிறுத்தது. ஆனால் அதற்கு மேலே, தலைக்குள் இரண்டு பக்கமும் ஒரு குழிவு. அதன் சுவரெல்லாம் ரத்தம் ஓடும் மடிப்புச் சவ்வு. சில நிமிடத்துக்கு ஒரு தடவை மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி அங்கே அடைத்துக்கொள்கிறது. வளர்ந்த விராலுக்குப் பிழைப்பே அந்தக் காற்றில்தான். செவுளால் மட்டும் அதற்குக் கட்டுப்படியாகாது.

மோட்டார் ஓடியதே என்பீர்கள். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைந்து நிற்கும் ஆக்ஸிஜன் ஏறக்குறைய 8 மில்லிகிராம். ஒரு லிட்டர் காற்றிலோ 250 மில்லிகிராமுக்கு மேல். எத்தனை குமிழி விட்டாலும் அந்த 8ஐத் தாண்டுவது கஷ்டம்.

‘அப்படியானால் காற்றில் கட்லா ஏன் சாகிறது?’ என்று அடுத்த கடிதம் போடாதீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். செவுள் இழைகளைப் பிரித்து வைத்திருப்பது தண்ணீர். வெளியே எடுத்ததும், குளித்த தலைமுடி போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஆக்ஸிஜன் சுற்றிலும் இருந்தும் வாங்கிக்கொள்ளப் பரப்பில்லை. தண்ணீருக்குள் அதே செவுள் பெரிய கெட்டிக்காரன்: தண்ணீர் ஒரு திசையிலும் ரத்தம் எதிர்த்திசையிலும் ஓடுவதால் கரைந்த ஆக்ஸிஜனில் 80 சதவீதம் வரை உறிஞ்சும். நம் நுரையீரல் எடுப்பது கால் பங்குதான்.

கூடை விஷயத்திலும் ஒரு திருத்தம். விரால் ஆக்ஸிஜனைக் காற்றில் வாங்கினாலும், கரியமில வாயுவைப் பெரும்பாலும் செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் தண்ணீரில்தான் கழிக்கிறது. கூடையில் ஈரச்சாக்கு போட்டு, அடிக்கடி தண்ணீர் தெளிப்பது அதற்கும் சேர்த்துத்தான். உடம்பு காய்ந்தால் விராலும் போய்விடும். தேளி மீனும் இந்தக் கூட்டம்தான். அதன் காற்றுப் பை செவுளறையிலிருந்து வால் பக்கம் வரை நீண்டு கிடக்கும். பனையேறிக் கெண்டையும் அப்படியே. உங்கள் பக்கத்துத் தரங்கம்பாடியில் அது பனைமரம் ஏறியதைக் கண்டதாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதியது 1797இல் அச்சேறியது. தரையில் ஊர்ந்து போகும் என்பதை நம்புகிறேன். மரம் ஏறியதற்கு எனக்கு இன்னொரு சாட்சி வேண்டும்.

இனி செய்ய வேண்டியது: டிரம்மில் முக்கால் பாகம் தண்ணீர் போதும். வலையைத் தண்ணீருக்குள் அல்ல, டிரம் வாயில் கட்டுங்கள்; இறுக்கிக் கட்டுங்கள், விரால் நன்றாகத் துள்ளும். காற்றுப் புகாத மூடி வேண்டாம். ஆகாயத்தாமரையை மேற்பரப்பு முழுக்க அடைய விடாதீர்கள். தீனி மிஞ்சினால் அன்றே எடுத்துவிடுங்கள். அழுகி அம்மோனியா ஏறினால், காற்றைக் குடித்தும் விரால் பிழைக்காது.

பொரித்த புதிதில் விரால் குஞ்சுக்கு அந்தக் காற்றறை உருவாகியிருக்காது. உங்கள் மோட்டாரை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.