பிரஷர்: எந்த எண்ணை நம்புவது?

கேள்வி: டாக்டரிடம் பார்த்தால் 150/96. வீட்டு மெஷினில் ஒரு நாள் 128, இன்னொரு நாள் 144. தலைவலி, கிறுகிறுப்பு எதுவும் இல்லை. மாத்திரை தேவைதானா?

பதில்: தலைவலி இல்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ரத்தக் கொதிப்பு பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. கிளினிக்கில் 140/90, வீட்டில் 135/85. சராசரி இதை எட்டினால் ரத்தக் கொதிப்பு என்று கொள்வது வழக்கம். டாக்டரைப் பார்த்ததும் பிரஷர் ஏறுகிறவர்களும் உண்டு. அங்கே இயல்பாக இருந்து வீட்டில் ஏறுகிறவர்களும் உண்டு. இரண்டாவது வகைதான் கண்ணில் படாமல் தப்பிவிடும்.

உங்கள் 128-க்கும் 144-க்கும் அளக்கும் விதமே காரணமாக இருக்கலாம். முதலில் கையில் சுற்றும் பட்டையைப் பாருங்கள். மேல்கையின் நடுச்சுற்றளவை டேப்பால் அளந்து, பட்டையில் அச்சிட்டிருக்கும் செ.மீ. வரம்புக்குள் வருகிறதா என்று சரிபாருங்கள். பட்டை சிறியதாக இருந்தால் எண் கூடுதலாகக் காட்டும். சட்டைக்கு மேல் சுற்றக் கூடாது. அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி, சிகரெட் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை மேஜை மீது, பட்டை இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். கை தொங்கினால் எண் ஏறும். கால் மேல் கால் போட்டாலும் அப்படியே.

காலையில் (மாத்திரை எடுப்பவர் என்றால் அதற்கு முன்), பிறகு மாலையில். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. ஏழு நாள் எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியோடு டாக்டரிடம் போங்கள். மாத்திரை தேவையா என்பதை அந்தச் சராசரியும், உங்கள் வயது, சர்க்கரை, சிறுநீரகம் ஆகியவையும் சேர்ந்து தீர்மானிக்கும்.

கவனிக்காமல் விட்டால், அழுத்தத்தை எதிர்த்தே ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்துப்போகும். பக்கவாதம், மாரடைப்பு அபாயம் கூடும். சிறுநீரகப் பாதிப்பு சிறுநீரில் அல்புமின் என்ற புரதமாகத் தெரியும்; அந்தப் பரிசோதனையைக் கேட்டே செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: மாத்திரையால் 124/78-க்கு வந்துவிட்டது. நிறுத்தலாமா?

பதில்: அது மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கான எண். நீங்களாக நிறுத்தாதீர்கள், குளோனிடின், பீட்டா பிளாக்கர் போன்ற பிரஷர் மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் பிரஷர் எகிறும். எடை குறைந்து, உப்பும் நாளுக்கு 5 கிராமுக்குள் வந்திருந்தால், அளவைக் குறைப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

என்றாவது 180/120-ஐத் தாண்டினால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இருந்தால் மட்டும் காத்திருக்கவே வேண்டாம், உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். அவை இல்லாமல் எண் அப்படியே நின்றால் அன்றே டாக்டரைத் தொடர்புகொள்ளுங்கள். பயத்தில் கூடுதல் மாத்திரை போட வேண்டாம். மூட்டுவலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எடுக்கிறீர்களா? அவையும் பிரஷரை ஏற்றும். அதை டாக்டரிடம் சொல்லத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.