புகாராவின் குளங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அக்டோபரில் குடும்பத்தோடு உஸ்பெகிஸ்தான் போய் வந்தோம். புகாராவில் இரண்டு நாள். பாலைவனத்து நடுவே பட்டுப்பாதை நகரம் என்று ஏகப்பட்ட கனவோடு போனேன். எந்த மதரசாவுக்குள் நுழைந்தாலும் கம்பளக்கடை, பீங்கான்கடை. மாணவர்கள் தங்கிப் படித்த அறைகளில் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்த பொம்மை விற்கிறார்கள். சுவர்கள் நேற்றுப் பூசியதுபோல் இருக்கின்றன. சினிமா செட்டுக்குள் நடந்த மாதிரி இருந்தது. கணவர் "தண்டச்செலவு" என்றே சொல்லிவிட்டார். நாரை வடிவத்தில் ஒரு கத்தரிக்கோல் மட்டும் வாங்கி வந்தோம். எதையாவது பார்க்காமல் விட்டுவிட்டேனா?

கா., திருப்பூர்

அன்புள்ள கா.,

கடை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 16ஆம் நூற்றாண்டிலேயே நாற்சந்திகளில் குவிமாடம் எழுப்பி அங்காடி அமைத்த ஊர் அது. அதில் ஒன்றின் பெயர் தோகி சராஃபான், நாணயம் மாற்றுபவர்களின் குவிமாடம். நம் வங்கிகளில் காசாளரை சராப்பு என்பார்களே, அந்தச் சொல்தான். குளத்தங்கரையில், முகப்பில் இரண்டு பெரிய பறவைகளும் சூரியமுகமும் உள்ள நாதிர் திவான்பெகி மதரசாவைப் பார்த்திருப்பீர்கள். அதைச் சத்திரமாகத்தான் கட்டினார்களாம். வந்து பார்த்த ஊரின் அரசர், கான், "நல்ல மதரசா" என்று வாய்தவறிப் புகழ்ந்துவிட்டார். கான் சொன்ன பிறகு அப்பீல் ஏது? மதரசாவாகவே ஆக்கிவிட்டார்கள் என்று கதை. சத்திரம் மதரசாவான ஊரில் மதரசா கடையாவதற்கு நான் அவ்வளவாக வருத்தப்படுவதில்லை. காந்த பொம்மை எனக்கும் ஆகாதுதான்.

நீங்கள் பார்க்காமல் விட்டது தண்ணீரை.

அந்தக் குளத்துக்கு லாபி ஹவுஸ் என்று பெயர். ஆங்கில ஹவுஸ் இல்லை. நம்மூர்ப் பள்ளிவாசல்களில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் தொட்டியை ஹவுள் என்கிறார்களே, அதுவேதான். லப் என்றால் கரை. குளம் 1620இல் வெட்டியது. கரையில் நிற்கும் பட்டுப்போன முசுக்கொட்டை மரம் 1477இல் நட்டது என்கிறார்கள். மரத்துக்குத்தான் வயது அதிகம். அப்புறம்தான் தண்ணீர் வந்திருக்கிறது.

இப்படிக் குளங்கள் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு இருந்தன. ஸரஃப்ஷான் ஆற்றிலிருந்து கால்வாய் வழியாக வரும் தண்ணீர் அவற்றில் தேங்கி நிற்கும். குடிக்க, கைகால் கழுவ, எல்லாம் அதே தண்ணீர். தோல்பைக்காரர்கள் படியிறங்கி மொண்டு வீடுவீடாகக் கொடுப்பார்கள். காலில் ஒருவகைப் புழு வெளிவரும் புண் உள்ள ஒருவர் இறங்கி நின்றால் போதும், அந்தப் புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் கலந்துவிடும். அவற்றை நுண்ணிய நீர்ப்பூச்சிகள் தின்னும். பூச்சியோடு தண்ணீரைக் குடித்தவரின் காலில், ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, ஒரு மீட்டர் வரை நீளமுள்ள புழு தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அங்கே அதற்கு ரிஷ்தா என்று பேர், நூல் என்று பொருள். நம் ஊரில் நரம்புச் சிலந்தி. நாவிதர்கள் அதைச் சிறு குச்சியில் சுற்றிச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக நாள்கணக்கில் இழுப்பார்கள். அறுந்துபோனால் ஆபத்து. 1558இல் அங்கே போன ஆங்கில வணிகர் ஆண்டனி ஜென்கின்சன் இந்தக் கால்புழுவைப் பற்றி எழுதியே வைத்திருக்கிறார். அழகான நகரம் என்று நாம் படமெடுக்கிற ஊரில் நூற்றாண்டுக்கணக்கில் ஜனங்கள் குச்சியும் புழுவுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

1920களில் சோவியத் மருத்துவர் லியோனித் இசாயெவ் வந்தார். நோயாளிகளைத் தேடித்தேடி வைத்தியம், குளங்களை வடித்தல், குழாய்த் தண்ணீர். பத்து வருடத்துக்குள் ரிஷ்தா ஒழிந்தது. குளங்களும் பெரும்பாலும் ஒழிந்தன. ஊர் அழகுக்காக அவற்றை விட்டுவைத்திருக்கலாமே என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கால் அவர்களுடையது.

மறுபடி போனால் (கணவரைச் சமாதானப்படுத்திவிட்டு) கோட்டைக்கு எதிரே போலோ ஹவுஸ் பள்ளிவாசலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். முன்மண்டபத்தில் இருபது மரத்தூண்கள். காற்றில்லாத நேரம் குளத்தில் இன்னொரு இருபது. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் சஷ்மா அய்யூப். அய்யூப் நபி தடியால் தட்டி ஊற்று வரவழைத்த இடம் என்பது நம்பிக்கை. உள்ளே புகாராவின் தண்ணீர் விநியோகத்துக்கென்றே ஒரு மியூசியம் வைத்திருக்கிறார்கள். ரொம்ப நேரம் எடுக்காது.

அந்தக் கத்தரிக்கோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டட உச்சிகளிலும் லாபி ஹவுஸ் மரங்களிலும் செங்கால் நாரைகள் கூடு கட்டி வாழ்ந்த ஊர் அது. குளங்கள் வற்றியதும் தவளைகள் போயின, தவளைகள் போனதும் நாரைகளும் வருவதை நிறுத்திவிட்டன. கொல்லர்கள் மட்டும் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். உங்களுடையதை எடுத்துத் திறந்து மூடிப் பாருங்கள், வெட்டுவது அலகுதான்.