விர்ச்சுவல் இன்ஹெரிட்டன்ஸ் எழுதினால் கம்பைலரே விழுகிறது: தவறு என் கோடிலா?

சி++ எழுதும் ஒருவர் கேட்டது இதுதான்: ஓர் அடிப்படை (பேஸ்) கிளாஸ், அதிலிருந்து விர்ச்சுவலாக, அதாவது பேஸின் ஒரே பிரதியைப் பகிரும்படி வரும் இரண்டு, அந்த இரண்டையும் சேர்த்த நான்காவது. கம்பைல் செய்தால் ‘இன்டர்னல் கம்பைலர் எரர்’ என்று ஜிசிசி கம்பைலர் நின்றுவிடுகிறது.

அந்தச் செய்தி வந்தாலே பிழை கம்பைலருடையதுதான். உங்கள் கோடில் தவறு இருந்தாலும் அதைச் சுட்டிக்காட்ட வேண்டுமே தவிர, விழக்கூடாது.

ஏன் இந்த இடத்தில்? சாதாரண இன்ஹெரிட்டன்ஸில் பேஸ் பகுதி ஆப்ஜெக்ட்டுக்குள் எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்பது கம்பைல் செய்யும்போதே தெரியும். விர்ச்சுவலில் அது கடைசி கிளாஸைப் பொறுத்து மாறும். அதனால் அந்தத் தூரத்தை வீடேபிளில் (கிளாஸுக்காகக் கம்பைலர் வைத்திருக்கும் அட்டவணை) எழுதிவைத்து, ஓடும்போது படிக்க வேண்டியிருக்கிறது. ஆப்ஜெக்ட்டைக் கட்டும் கன்ஸ்ட்ரக்டருக்கும் இரண்டு வடிவங்கள்: முழு ஆப்ஜெக்ட்டுக்கானது விர்ச்சுவல் பேஸையும் கட்டும், இன்னொரு கிளாஸின் பகுதியாக இருக்கும்போது அழைக்கப்படுவது கட்டாது. கட்டி முடிக்கும்வரை பயன்படும் தற்காலிக வீடேபிள்கள் வேறு. இத்தனைக்கும் மேலே டெம்ப்ளேட்டோ (டைப்பை நிரப்பிக்கொள்ளும் கோடு அச்சு) கோவேரியன்ட் ரிட்டர்னோ (மேலெழுதிய ஃபங்ஷன் பேஸுக்குப் பதில் அதிலிருந்து வந்த கிளாஸின் பாயின்டரையோ ரெஃபரன்ஸையோ திருப்புவது) சேர்ந்தால், கம்பைலர் எழுதியவர்கள் யோசிக்காத ஒரு கூட்டணி எளிதில் அமைந்துவிடும்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? முதலில் ஜிசிசியின் புதிய பதிப்பிலும், கிளாங் என்ற இன்னொரு கம்பைலரிலும் ஓட்டிப் பாருங்கள். கிளாங் தெளிவான பிழைச்செய்தி கொடுத்தால் அதைத் திருத்துங்கள். பல நேரம் ஜிசிசி விழுவதும் நின்றுவிடும். அப்புறம், ப்ரீப்ராசஸ் செய்த (#include எல்லாம் விரித்த) கோப்பை எடுத்து, விழுவது நிற்காத வரை வரிகளை நீக்கிக்கொண்டே வாருங்கள். சிவைஸ் என்ற கருவி இதைத் தானாகவே செய்யும். மிஞ்சும் இருபது வரியை ஜிசிசியின் பிழைப் பதிவுத் தளமான பக்ஸில்லாவில் தயங்காமல் பதியுங்கள். அவர்களுக்கு அது உண்மையிலேயே வேண்டும்.