கணினி கேள்வி – பதில்: விசைப்பலகை ஓய்ந்துவிட்டால்

கேள்வி: நேற்று இரவு வரை நன்றாக இருந்த என் மேசைக் கணினியின் விசைப்பலகை, இன்று காலை முதல் எந்த விசையைத் தட்டினாலும் ஏற்க மறுக்கிறது. மவுஸ் வழக்கம்போல் இயங்குகிறது. கடவுச்சொல்லைத் தட்ட முடியாததால் விண்டோஸுக்குள்ளேயே நுழைய முடியவில்லை. பலகை கெட்டுவிட்டதென்று புதியது வாங்கிவிடலாமா?

பதில்: வாங்குவதற்கு முன் பழுது எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிடுங்கள். விரல் தட்டும் விசைக்கும் திரையில் விழும் எழுத்துக்கும் இடையில் பலகை, கம்பி, யூஎஸ்பி துளை, விண்டோஸ் ஆகிய நான்கும் இருக்கின்றன. கோளாறு மற்ற மூன்றில் ஒன்றில் இருந்தால், புதிய பலகையும் இதே போலத்தான் மௌனமாக இருக்கும்.

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். கேப்ஸ் லாக் விசையைத் தட்டி, அதற்குரிய சிறு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். கம்பியுள்ள யூஎஸ்பி பலகைகளில் அந்த விளக்கைப் பலகை தானாக ஏற்றுவதில்லை. விசை அழுத்தப்பட்ட செய்தி கணினிக்குச் சென்று, விளக்கை ஏற்றும்படி கணினி அனுப்பும் கட்டளை பலகைக்குத் திரும்பி வந்த பிறகே அது எரிகிறது. ஆகவே தட்டத் தட்ட விளக்கு எரிந்து அணைந்தால், பலகை, கம்பி, துளை மூன்றின் மீதும் பெரும்பாலும் குற்றமில்லை. தட்டும்போது எரியாமல், ஓரிரு வினாடிகள் அழுத்திப் பிடித்தால் மட்டும் எரிகிறது என்றால், அநேகமாக ஃபில்டர் கீஸ் என்னும் வசதி இயங்கிக்கொண்டிருக்கிறது. கை நடுக்கம் உள்ளவர்களுக்காக, மிகக் குறைந்த நேரமே அழுத்தப்படும் விசைகளைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் வலப்பக்க ஷிஃப்ட் விசையை 8 வினாடிகள் அழுத்திப் பிடித்தால் அது முன்வந்து நிற்கும் என்பதும், அப்போது தோன்றும் பெட்டியைப் படிக்காமலேயே பலர் ‘ஆம்’ என்று சொல்லிவிடுகிறார்கள் என்பதும் தெரியாததால், நல்ல பலகைகள் பல குப்பைக்குப் போகின்றன. செட்டிங்ஸில் ஆக்ஸெஸிபிலிட்டி பகுதிக்குள் கீபோர்டு என்ற இடத்தில் அதை அணைத்துவிடலாம்.

விளக்கு அசையவே இல்லையென்றால், பலகையின் கம்பியை ஹப் (ஒரு யூஎஸ்பி துளையைப் பல துளைகளாக்கும் இணைப்புக் கருவி) எதுவும் இடையில் இல்லாமல் கணினிப் பெட்டியின் பின்புறத் துளை ஒன்றில் நேராகச் செருகுங்கள். முன்புறத் துளைகள் பெட்டிக்குள் ஓடும் தனிக் கம்பி ஒன்றின் வழியாகவே மதர்போர்டை அடைகின்றன. அந்தக் கம்பி தளர்ந்திருந்தாலும் பழி பலகையின் மீதுதான் விழும். ஊதா நிற வட்டத் துளையில் செருகும் பழைய பிஎஸ்/2 வகைப் பலகையாக இருந்தால், கணினியை முழுவதும் அணைத்துவிட்டே கழற்றி மாட்ட வேண்டும்.

அடுத்து, கணினியை இயக்கியவுடன் எஃப் 2 அல்லது டெலிட் விசையை (எது என்பது தயாரிப்பாளரைப் பொறுத்து மாறும்) விட்டுவிட்டுத் தட்டி, பயாஸ் திரைக்குள் நுழைய முடிகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் எழுவதற்கு முன்பே வரும் திரை அது. அங்கே அம்புக்குறி விசைகள் வேலை செய்தால், கோளாறு விண்டோஸில்தான் இருக்கிறது. அப்படியானால், கடவுச்சொல் கேட்கும் திரையின் வலப்பக்கக் கீழ்மூலையில் உள்ள அணுகல் வசதிகளுக்கான குறியைச் சொடுக்கி, திரை விசைப்பலகையை வரவழைத்து, மவுஸால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி உள்ளே செல்லுங்கள். பிறகு கணினியோடு இணைந்த கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் கீபோர்ட்ஸ் என்ற தலைப்பின் கீழ் உள்ளதை அன்இன்ஸ்டால் செய்து, கணினியை ரீஸ்டார்ட் செய்தால், பலகையை இயக்கும் மென்பொருளான டிரைவரை விண்டோஸ் தானே மீண்டும் நிறுவிக்கொள்ளும். ‘ஷட் டவுன்’ கொடுத்து மீண்டும் இயக்குவது இங்கே போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் கணினிகளில் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸின் உட்பகுதி சேமித்து வைக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எழுப்பப்படுகிறது.

கேள்வி: என் பலகையின் மீது சர்க்கரை கலந்த பானம் கொஞ்சம் சிந்திவிட்டது. துடைத்துக் காயவைத்த பிறகு, எண் வரிசையில் 3, அதன் கீழே ஈ, டி, சி ஆகிய விசைகள் மட்டும் வேலை செய்யவில்லை. பானம் அந்த விசைகளின் பக்கமே போகவில்லையே, எப்படி?

பதில்: உங்கள் கவனிப்பு சரியானது, விடையும் அதிலேயே இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட விசைகளுக்குத் தனித்தனிக் கம்பி இழுப்பது நடைமுறைக்கு உகந்ததல்ல என்பதால், கிடையாகச் சில தடங்களும் நெடுக்காகச் சில தடங்களும் அமைத்து, அவை சந்திக்கும் இடங்களில் விசைகளை வைக்கிறார்கள். கிடையாக 8, நெடுக்காக 18 என்று வைத்துக்கொண்டால், வெறும் 26 தடங்களைக் கொண்டு 144 சந்திப்புகளைக் கண்காணித்துவிடலாம். ஒரு தடம் எங்கேனும் அறுந்தால், அதைப் பகிர்ந்துகொள்ளும் விசைகள் அனைத்தும் ஒருசேர ஓய்ந்துவிடும். அறுந்த இடமோ அவற்றிலிருந்து ஒரு சாண் தள்ளி, பலகையின் மேல்விளிம்பில்கூட இருக்கலாம்.

இப்படி ஓய்ந்த பலகை ஒன்றை நான் திறந்து பார்த்திருக்கிறேன். ரப்பர் குமிழ்களுக்குக் கீழே மூன்று பிளாஸ்டிக் தாள்கள் இருந்தன. மேல்தாளிலும் கீழ்த்தாளிலும் வெள்ளிப் பூச்சாலான மெல்லிய கோடுகள், நடுத்தாளில் விசைக்கு ஒன்றாகத் துளைகள். பளபளப்பாக ஓடிய கோடுகளுள் ஒன்று மட்டும் ஓரிடத்தில் கடுகளவு கறுத்துத் தேய்ந்திருந்தது. நான்கு விசைகள் ஓய்ந்ததற்கு அந்தக் கடுகளவே காரணம்.

ஆகவே ஒரே ஒரு விசை மட்டும் மக்கர் செய்தால், அதன் மூடியைக் கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் சுத்தம் செய்வது பயன் தரும். குழுவாக ஓய்ந்த விசைகளுக்கு அது பயன்படாது. மின்சாரம் கடத்தும் வெள்ளி மையைத் தொட்டு அறுந்த கோட்டை இணைக்கலாம். சால்டரிங் மட்டும் வேண்டாம், தாள் உருகிவிடும். உங்கள் பலகை சாதாரண வகையாக இருந்தால் இங்கே புதியது வாங்குவதே நியாயம் என்பது என் கருத்து.

கேள்வி: மடிக்கணினியில் யூ, ஐ, ஓ விசைகளை அழுத்தினால் 4, 5, 6 என்று எண்கள் வருகின்றன.

பதில்: பழுதே இல்லை. தனி எண் பகுதி இல்லாத சில மடிக்கணினிகளில் ‘நம் லாக்’ (Num Lock) என்னும் விசை இயங்கும்போது அந்த எழுத்து விசைகள் எண் விசைகளாக மாறிவிடும். நம் லாக்கை அணையுங்கள். சிலவற்றில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

கேள்வி: மடிக்கணினியின் பலகை நடுவில் சற்றே மேலெழும்பியிருக்கிறது. ஸ்பேஸ் விசை சரியாக அழுந்துவதில்லை. மேலிருந்து அழுத்திச் சரிசெய்யலாமா?

பதில்: அழுத்தவே அழுத்தாதீர்கள். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி வாயு சேர்ந்து உப்பிப் பலகையைக் கீழிருந்து தள்ளுகிறது என்றே தோன்றுகிறது; அதை நசுக்கினாலோ குத்தினாலோ தீப்பிடிக்கக்கூடும். இந்த வரிகளைப் படித்தவுடன் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கணினியை அணைத்து, எளிதில் தீப்பற்றாத தளத்தில் வைத்து, பேட்டரியை மாற்றத் தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் ஒப்படையுங்கள். பேட்டரியை மாற்றிய பிறகு பலகை பழைய நிலைக்கு இறங்கிவிட்டால், ஸ்பேஸ் விசையும் தானாகவே சரியாகிவிடக்கூடும்.